பெஜோவின் றோட்டர்

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு, கொட்டாஞ்சேனையில் தமது வீட்டுக் கராஜுக்குள் இருந்து, கிளெமென்ற் ஸ்ராட்டரை இழுத்தார். கார் உறுமியது, பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தார். தொண்டை கட்டிய கிழவரைப் போல நாலு தரம் செருமிவிட்டு ஓய்ந்துபோனது.

சனிக்கிழமை அவருடைய மகள் கொன்ஸ்ரன்ஸுக்குக் கலியாணம். அவள் இந்தக் காரில் ஏறித்தான் வெள்ளவத்தைக் கோயிலுக்குப் போகவேண்டும். அப்படி அவர் ஊரறியச் சொல்லியிருந்தார்.

கார், பெஜோ 203. அவருடைய தகப்பனார் ஐம்பத்து நாலாம் ஆண்டில் வாங்கியது. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் வீடு எரிந்தபோது, வத்தளையில் ஒரு சிங்கள நண்பரின் தென்னோலைக் குவியலுக்குள் ஒளிந்திருந்து தப்பியது இது ஒன்றுதான். கூரை திரும்ப வந்தது, கதிரை மேசை திரும்ப வந்தது. ஆனால் தகப்பனாரின் கைபட்டது என்று சொல்ல மிஞ்சியது இந்தக் கார்தான். அந்தக் குடும்பத்துப் பெண்கள் எல்லாரும் இதில் ஏறித்தான் கோயில் வாசலில் இறங்கினார்கள். இரவல் காரில் ஒருத்தியும் போனதில்லை.

நிச்சயார்த்தத்தன்று மாப்பிள்ளையின் தகப்பன் நோபேட் ஆசையோடுதான் கேட்டார்.

"சம்பந்தி, எங்களிட்டை புதுக் கொரோலா நிக்குது. ஏசியும் இருக்கு. அதை அனுப்பட்டோ?"

"எங்கட வீட்டுப் பொம்பிளை எங்கட காரிலதான் வருவா."

அன்றைக்குக் கிளெமென்ற்றின் வாயிலிருந்து வந்த பெருமை அது ஒன்றல்ல. நோபேட்டின் மகள் இரத்தச் சிவப்பில் நகச்சாயம் பூசிக்கொண்டு பலகாரத் தட்டை நீட்டியபோது, அவர் தட்டைப் பார்த்தபடியே, "எங்கட வீட்டில பொம்பிளைகள் கியூட்டெக்ஸ் பூசுறேல்லை" என்றும் சொல்லிவைத்தார். நோபேட் அதையும் சிரித்தபடி கேட்டுக்கொண்டார். பெரிய மனிதர் இரண்டு வார்த்தை சொன்னால் இரண்டையும் காப்பாற்றவேண்டும்.

கிளெமென்ற் பொனற்றைத் திறந்தார். எஞ்சினின் பக்கத்தில் இருக்கும் டிஸ்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினார். அதற்குள்ளே பெருவிரல் அளவில் கறுப்பாக, தலையில் ஒரு பித்தளைத் துண்டோடு இருப்பதுதான் றோட்டர். அது சுழன்று சுழன்று நாலு பிளக்குகளுக்கும் முறை வைத்து நெருப்புக் கொடுக்கும். அது இல்லாவிட்டால் கார் வெறும் தகரம்.

அந்த றோட்டரை அவர் ஒவ்வொரு மாலையும் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்விடுவார். யுத்த காலத்தில் கொழும்பில் ஒரு தமிழனின் கார் களவு போனால், கார் போன கவலை இரண்டாவதாகத்தான் வரும். அதில் எவன் எதை ஏற்றி எங்கே கொண்டுபோய் விடுவானோ, யார் கண்டது? பதிவுப் புத்தகத்தில் இருக்கிற பெயரைத் தேடித்தான் ஜீப் வரும். ஆகவே வீட்டுப் பீடத்தில், அந்தோனியார் சுருவத்தின் காலடியில் ஒரு பெப்பர்மின்ற் தகர டப்பா. அதற்குள் ஓடுகிற றோட்டர் ஒன்று, ஸ்பெயர் ஒன்று. அந்த டப்பாவை அவரைத் தவிர ஒருவரும் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

செவ்வாயும் புதனும் காருக்குப் பொலிஷ் போட்டார்கள், காரை வெளியே எடுக்கவில்லை. இன்று காலை டப்பாவைத் திறந்தபோது உள்ளே ஒரு றோட்டர்தான் இருந்தது. ஸ்பெயர் எங்கோ விழுந்துவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டு இருந்ததைப் பூட்டினார். இப்போது அதை வெளியே எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். அதன் பேக்கலைற் வயிற்றில் தலைமயிர் போல ஒரு வெடிப்பு.

இருந்தது ஸ்பெயர். தொலைந்தது நல்லது.

"என்னப்பா, கார் ஸ்ராட் ஆகேல்லையோ?" குசினிக்குள் இருந்து மனைவி பிறிஜெற் கேட்டாள்.

"நான்தான் ஸ்ராட் பண்ணேல்லை" என்றார் கிளெமென்ற்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். 'டப்பாவில் இருந்த மற்றச் சாமான் எங்கே?' என்று. ஆனால் டப்பாவைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்டவரே, டப்பாவுக்குள் இருந்ததைத் தொலைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? வெடித்த றோட்டரைக் கைலேஞ்சியில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, பஸ் ஏறினார்.

பஞ்சிகாவத்தையில் கிடைக்காத கார்ச் சாமான் இல்லை என்பார்கள். தெருவின் இரு பக்கமும் எஞ்சின்கள் மீன்கடையில் சுறாக்கள் கிடப்பதுபோலக் கிடந்தன. முதல் கடைக்காரன் றோட்டரைப் பார்க்கவே இல்லை, கார் பெயரைக் கேட்டதும் சிரித்தான்.

"சீயா, ஏவா தென் மியூசியம் எக்கே தமய்."

தாத்தா, அதெல்லாம் இப்போது மியூசியத்தில்தான் என்கிறான். கிளெமென்ற்றுக்குக் காரைச் சொன்னது கூடப் பரவாயில்லை, சீயா என்றதுதான் சுட்டது. ஆறாவது கடையில்தான் பொறுமையாகப் பார்த்த ஆள் கிடைத்தார். ஹபீலா என்ற பெண்மணி. புருஷன் மவுத்தான பிறகு கடையைத் தானே நடத்துகிறார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, றோட்டரை வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் சுரண்டி, மூக்கருகே வைத்து மணந்தும் பார்த்தார்.

"ஐயா, இது நெருப்பு ஒழுகுற சாமான். இந்தா, மயிரு மாதிரி கோடு தெரியுதா? பிளக்குக்குப் போற நெருப்பு இதால இறங்கி எஞ்சினுக்குள்ள போயிடும். எப்புடி ஸ்ராட் ஆகும்?"

"அது எனக்கும் தெரியும். புதுசு இருக்கோ?"

"இங்கிலீசுக் காருக்கு எண்டா ஒரு வாளி நிறையத் தருவன். இது பிரெஞ்சுக்காரன்ட. அவன்ட ஓட்டையும் வேற, உசரமும் வேற." ஒரு லாச்சியை இழுத்து ஏழெட்டு றோட்டர்களைக் கொட்டினார். ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார்கள். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்றின் வாய் மறுபக்கம். கலியாணத் தரகர் கொண்டுவந்த போட்டோக்கள் போல எல்லாவற்றிலும் ஏதோ ஒரு குறை.

"ஐயாக்கு எப்ப வேணும்?"

"சனிக்கிழமை மகளுக்குக் கலியாணம்."

ஹபீலாவின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தினார். "நான் ஒண்டு சொல்றன், கோவிக்கப்படாது. ஊட்டுல பொம்புளப் புள்ளகள் ஈக்குதானே? கியூட்டெக்ஸ் ஒரு போத்தல் எடுங்க. வெடிப்பச் சுரண்டித் துப்பரவாக்கி, நாலு தரம் பூசிக் காய வையுங்க. நெருப்பு வெளிய போவாது. கலர் இல்லாததாப் பாத்துப் பூசணும். கலருக்குள்ள என்னென்ன தூள் போடுறானுகளோ, அதுல நெருப்பு ஓடிரும்."

"எங்கட வீட்டில அந்தச் சாமான் இல்லை" என்றார் கிளெமென்ற். முதுகு தானாக நிமிர்ந்தது.

"அப்ப கடயில வாங்குங்களேன்."

"நானோ?"

கொட்டாஞ்சேனைச் சந்தியில், முப்பது வருஷமாகத் தன்னைத் தெரிந்த கடைக்காரனிடம் போய், தான் கியூட்டெக்ஸ் கேட்பதை அவர் ஒரு கணம் மனதில் பார்த்தார். உடனே குடையை எடுத்துக்கொண்டார்.

"வேற வழி சொல்லுங்கோ."

"வெள்ளவத்தையில ஒருத்தர்ட ஊட்டுல 203 ஒண்டு நிண்டது. ஓடுதோ தெரியா" என்று ஹபீலா விலாசம் எழுதிக்கொடுத்தார்.

வெள்ளவத்தையில், வாய்க்கால் பக்கம், அந்தக் கார் நிற்கத்தான் செய்தது. அதற்குள் பதினொரு கோழிகள் இருந்தன. சாரதி ஆசனத்தில் ஒரு சேவல். வீட்டுக்காரர் நல்ல மனிதர். டிஸ்ரிபியூட்டரை எட்டு வருஷத்துக்கு முன்பே யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று வருத்தப்பட்டு, இரண்டு முட்டை தந்தார்.

முட்டைகளோடு காலி வீதிக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, ஒரு வெள்ளைக் கொரோலா அவர் பக்கத்தில் வந்து ஒதுங்கியது.

"சம்பந்தி! என்ன இஞ்சால? கார் எங்கை?"

"வீட்டில. பொலிஷ் போட்டிருக்கு, தூசி படக்கூடாது."

"கையில என்ன, முட்டையோ?"

"முட்டைதான்."

"கொட்டாஞ்சேனையில முட்டை இல்லையோ?"

"இது நல்ல முட்டை" என்றார் கிளெமென்ற்.

நோபேட் சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டார். "நான் குறையாச் சொல்லேல்லை, சம்பந்தி. பழைய கார், நாற்பது வருசத்துக்கு மேல. வழியில நிண்டால் உங்களுக்குத்தானே வெக்கம். நாளைக்குப் பின்னேரம் ஆறு மணிக்கு ரெலிபோன் எடுக்கிறன். வேணுமெண்டால் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, கொரோலாவுக்குப் பூக்கட்ட ஆள் நிக்கிறான்."

வெள்ளிக்கிழமை தெமட்டகொடைக்குப் போனார். ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவரிடம் பிரெஞ்சுச் சாமான்கள் இருப்பதாகக் கேள்வி. அவர் பெட்டி பெட்டியாகத் திறந்து காட்டினார், கடைசியில் பெருமையோடு எடுத்துக் கொடுத்தது ஒரு மோட்டார் சைக்கிளின் ஹோர்ன். திரும்பி வரும்போது மணி நாலு. கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஆறு மணிக்கு ரெலிபோன் அடிக்கும்.

ஒழுங்கை முனையில் ஒரு சின்ன அந்தோனியார் கோயில். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருவதில் அந்தோனியாரை மிஞ்ச ஆளில்லை என்பது கொட்டாஞ்சேனையில் எல்லா மதத்தவருக்கும் தெரியும். கிளெமென்ற் முழந்தாளிட்டார்.

"அந்தோனியாரே, நான் ஒரு நாளும் உம்மட்டை சில்லறைச் சாமான் கேட்டு வந்ததில்லை. இது சில்லறையில்லை, வீட்டு மானம். அந்த றோட்டர் எங்கை கிடக்குது எண்டு மட்டும் காட்டித் தாரும்."

எழுந்து சுருவத்தைக் கும்பிடப் போனார். பக்கத்தில் நேர்த்திக்கடன் சாமான்கள் வைக்கும் கண்ணாடி அலுமாரி. வெள்ளிக் கால்கள், வெள்ளித் தொட்டில், ஒரு மீன்பிடி வள்ளம். வள்ளத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நூல் கட்டி, பளபளவென்று துடைத்து, ஒரு பெஜோ றோட்டர். கீழே துண்டில், அவர் முப்பத்திரண்டு வருஷமாகப் பார்த்த உருண்டைக் கையெழுத்து: 'கிளெமென்ற் குடும்பத்தார்.'

கேட்டு அரை நிமிஷம் ஆகவில்லை.

கோயிலைப் பார்க்கும் பேர்னாட் பின்னால் வந்து நின்றார். "அன்ரி செவ்வாய்க்கிழமை கொண்டுவந்து குடுத்தவ. என்ன சாமான் எண்டு எனக்கு விளங்கேல்லை. ஏன், திறக்கவோ? திறப்பு இந்தா இருக்குது."

திறப்பு ஆணியில் தொங்கியது. கை நீட்டினால் எட்டும். இன்றைக்கு எடுத்து, சனிக்கிழமை ஓடி, ஞாயிற்றுக்கிழமை திருப்பி வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? பேர்னாட்டுக்குத் தெரியும், அந்தோனியாருக்குத் தெரியும். எல்லாவற்றையும் விட, அந்தத் துண்டில் எழுதியிருப்பது அவருடைய குடும்பத்தின் பெயர்.

"வேண்டாம், பேர்னாட். எங்கட குடும்பம் குடுத்ததைத் திருப்பி எடுக்கிறேல்லை."

சொல்லிவிட்டு நேரே வீட்டுக்கு நடந்தார். 

பிறிஜெற் விறாந்தையில் கேக் துண்டுகளை ஈயத்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நீர் டப்பாவைத் தொட்டனீரோ?"

"தொட்டனான்" என்றாள் அவள், கையை நிறுத்தாமல். "பிள்ளைக்குக் கலியாணம் பொருந்தினால் இந்த வீட்டில முக்கியமான சாமான் ஒண்டு தாறன் எண்டு நேர்த்தி. இந்த வீட்டில உங்களுக்கு எது முக்கியம் எண்டு எனக்குத் தெரியாதோ?"

"அதுக்கு நல்லதையோ எடுக்கிறது? வெடிச்சது ஒண்டு கிடந்ததே!"

பிறிஜெற் நிமிர்ந்து பார்த்தாள். முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் பார்த்திராத பார்வை. "அந்தோனியாருக்கு உடைஞ்ச சாமானையோ குடுக்கிறது? ஆருடைய குடும்பம் எண்டு நினைச்சியள்? வெயிலில பிடிச்சுப் பார்த்து, வெடிப்பு இல்லாததாத்தான் எடுத்தனான்."

 அவரே சொல்லியிருக்க வேண்டிய நியாயம் அது.

"அப்ப கார் எப்படி ஓடும்?"

"ஸ்பெயர் இருக்கு, ஸ்பெயர் இருக்கு எண்டு ஆறு வருசமா ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சது ஆர்? அந்த ஸ்பெயர் ஓடாது எண்டு எனக்குச் சொன்னனீங்களோ? நேற்று முழுக்கக் குடையோட திரிஞ்சியளே, ஒரு வார்த்தை கேட்டனீங்களோ?"

மணிக்கூட்டில் ஐந்து. கிளெமென்ற் கதிரையில் அமர்ந்தார். கைலேஞ்சியை அவிழ்த்து, வெடித்த றோட்டரை மேசையில் வைத்தார். கூரையைப் பார்த்தார். நிலத்தைப் பார்த்தார். பிறகு, யாரிடம் கேட்கிறார் என்பது யாருக்கும் விளங்காதபடி, மணிக்கூட்டைப் பார்த்துக் கேட்டார்:

"இந்த வீட்டில… கியூட்டெக்ஸ் எண்டு ஏதாவது… கலர் இல்லாதது…"

பிறிஜெற்றின் கையிலிருந்த ஈயத்தாள் சத்தம் நின்றது. அறை வாசலில் நின்ற கொன்ஸ்ரன்ஸ் தாயைப் பார்த்தாள். தாய் சுவரைப் பார்த்தாள். கொன்ஸ்ரன்ஸ் உள்ளே போய், ஒரு சின்னப் போத்தலோடு வந்து, மேசையில் வைத்தாள். போத்தல் பாதிக்குமேல் முடிந்திருந்தது.

"எவ்வளவு காலமா?"

"வேலைக்குப் போகத் தொடங்கினதிலயிருந்து, அப்பா. ஆறு வருசம். நீங்கள் கலரைத்தானே பார்ப்பியள். அதுதான் கலர் இல்லாதது வாங்கினனான்."

கிளெமென்ற் மகளின் கையைப் பார்த்தார். பத்து நகங்களும் கழுவி எடுத்த கண்ணாடி போல இருந்தன. பிள்ளைக்கு நல்ல ஆரோக்கியமான நகம் என்று அவரே எத்தனை தரம் நினைத்திருக்கிறார். பார்வை தற்செயலாகக் கீழே போனது. பிறிஜெற் அவசரமாகக் கால்விரல்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அவர் அதைப் பார்க்கவில்லை. ஒரு குடும்பத் தலைவர் சில வேளைகளில் பார்க்காமலும் இருக்கவேண்டும்.

சவர அலகால் வெடிப்பைச் சுரண்டித் துப்பரவாக்கிக் கொடுத்தார். பூசியது மகள். மூச்சை அடக்கி, ஒரு இழுப்பு. ஊதினாள். காய்ந்ததும் இன்னொன்று.

"ஓரம் விடாதை, பிள்ளை."

"அப்பா, இதில எனக்கு ஆறு வருச அனுபவம்."

மூன்றாவது பூச்சு ஈரமாக இருக்கும்போது ரெலிபோன் அடித்தது. சரியாக ஆறு மணி. நோபேட் நேரம் தவறாத மனிதர்.

"சம்பந்தி, என்ன மாதிரி? கொரோலாவுக்குப் பூக்கட்டட்டோ?"

கிளெமென்ற் மேசையைப் பார்த்தார். காருக்குப் போய்ப் பார்க்க நேரமில்லை. மகள் நாலாவது பூச்சுக்குத் தூரிகையைத் தோய்த்துக்கொண்டிருந்தாள், நெற்றியைச் சுளித்து, நாக்கு நுனியைக் கடித்து. கார் மூடியைத் திறந்து பார்க்கும்போது அவருடைய தகப்பனார் அப்படித்தான் நாக்கைக் கடிப்பார்.

"கட்டுங்கோ" என்றார் கிளெமென்ற். "நல்லாக் கட்டி, மாப்பிள்ளையை ஏத்திக்கொண்டு வாங்கோ. பொம்பிளை எங்கட காரில வருவா."

ஏழு மணிக்கு றோட்டரைப் பூட்டி ஸ்ராட்டரை இழுத்தார். ஒருதரம் செருமியது. இரண்டாந்தரம், ஒன்றும் நடவாததுபோலப் பிடித்துக்கொண்டது.

சனிக்கிழமை, வெள்ளைக் கையுறை இல்லாத குறை ஒன்றுதான், கவர்னரின் சாரதிபோல நிமிர்ந்து அமர்ந்து கிளெமென்ற் காரை ஓட்டினார். பின்னால் மணப்பெண்ணும் தாயும். கோட்டுப் பையில் ஒரு செபமாலை, ஒரு கைலேஞ்சி, மிச்சக் கியூட்டெக்ஸ். கொழும்புக் கோட்டை தாண்டும்வரை எஞ்சின் பூனைபோல முனகியது. காலிமுகத்திடலுக்கு முன்னால் சோதனைச் சாவடி.

"மஹத்தயா, எஞ்ஜின் எக்க நவத்தன்ன" என்றான் இளம் சிப்பாய்.

எஞ்சினை நிறுத்தச் சொல்கிறான். நிறுத்தவேண்டாம் என்று பின்னால் பிறிஜெற் அந்தோனியாரிடம் சொல்வது கேட்டது. கிளெமென்ற் நிறுத்தினார். இறங்கி அடையாள அட்டையைக் கொடுத்து, பையில் இருந்ததை எடுத்துப் பொனற்றின்மேல் வைத்தார். செபமாலை, கைலேஞ்சி, போத்தல்.

சிப்பாய் போத்தலை எடுத்தான். மூடியைத் திறந்து மணந்தான். கோட்டும் டையும் நரைத்த மீசையுமாக நின்ற மனிதரை மேலும் கீழும் பார்த்தான்.

"மேக்க மொகத?" இது என்ன என்கிறான்.

"ஸ்பெயர் பார்ட்ஸ், மல்லி" என்று தம்பி முறை வைத்துச் சொன்னார் கிளெமென்ற். முகத்தில் ஒரு தசையும் அசையவில்லை.

சிப்பாய் மணப்பெண்ணைப் பார்த்தான். அவள் முக்காட்டு வலைக்குள் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்தானோ என்னவோ, போத்தலைத் திருப்பிக் கொடுத்து வழி விட்டான்.

ஸ்ராட்டரை இழுத்தார். செருமல். பின்னால் மூன்று பஸ்கள் ஹோர்ன் அடித்தன. மறுபடி செருமல்.

"அப்பா, சூட்டில கியூட்டெக்ஸ் இளகியிருக்குமோ?"

"இளகாது. நீ பூசினது."

மூன்றாவது இழுப்பில் பிடித்தது. வெள்ளவத்தைக் கோயில் வாசலில் நிற்கும்வரை பிறகு அது ஒருதரமும் செருமவில்லை. ஒன்பது இருபத்தைந்து. ஒன்பதரைப் பூசைக்கு ஐந்து நிமிஷம் கைவசம். கொன்ஸ்ரன்ஸ் இறங்கினாள். அந்தக் குடும்பத்துப் பெண்கள் எல்லாரும் இறங்கிய அதே கதவால்.

நோபேட் வரவேற்க வந்தபோது, கிளெமென்ற் பொனற்றைத் திறந்து வழக்கப்படி றோட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"கோயில் வாசலிலயுமோ, சம்பந்தி?" நோபேட் குனிந்து பார்த்தார். "நல்ல மினுக்கமா இருக்கே. புதுசோ?"

"பழசு. மகள் கியூட்டெக்ஸ் பூசினவ."

நோபேட்டின் மீசை மெல்லத் துடித்தது. "உங்கட வீட்டில கியூட்டெக்ஸ் பூசுறேல்லை எண்டு…"

கிளெமென்ற் றோட்டரைக் கைலேஞ்சியில் சுற்றிப் பையில் வைத்தார். கோட்டை இழுத்துவிட்டார். முதுகை நிமிர்த்தினார்.

"இப்ப எங்கட காரே பூசுது" என்று சொல்லிவிட்டு, மகளுக்குக் கை கொடுக்கப் போனார்.